மூணு பூட்டும் ஒரு முக்கோணமும்

அத்தியாயம் ஐந்து

கதவில் மூன்று பூட்டுகள் தொங்கின. மேலே ஒன்று, நடுவே ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று. மூன்றின் சாவிகளையும் ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்து, அந்தப் பெண் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

"பேங்க் லாக்கர்கூட இவ்வளவு பந்தாவா இருக்காது," என்றான் ரேடியோ. "உள்ள தூங்கறது நீங்கதானா, இல்ல சிலை கிலை கடத்தி வெச்சிருக்கீங்களா?"

"ரேடியோ, சத்தத்தைக் குறை," என்றாள் அண்ணி.

பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் வேறு. ஒரு தடவை ஆன் ஆனால் ஆஃப் ஆக மாட்டான் என்பதால் ரேடியோ. முன்பு டாக்ஸி ஓட்டினான். பயணிகளிடம் பேசிப் பேசியே வழி தவறியதால் அந்தத் தொழில் அவனை விட்டுவிட்டது. இப்போது துப்பறியும் அண்ணிக்கு உதவியாளன். அண்ணி என்றால் சொந்த அண்ணன் மனைவிதான். பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். அன்று காலை ரேடியோ போன் சார்ஜர் தேடி அவளுடைய அறைக்குள் தட்டாமல் நுழைந்துவிட்டான். அதிலிருந்து அவனோடு அளந்துதான் பேசினாள்.

"மெதுவா பேசுங்க," என்றாள் அந்தப் பெண். "ஹால்ல அம்மா இருக்காங்க. உங்களைக் கரையான் பார்க்க வந்தவங்கன்னு சொல்லியிருக்கேன்."

"போன வாரம் ஒரு கேஸுக்காகக் கல்யாணத் தரகர் வேஷம். இந்த வாரம் கரையானா?" என்றான் ரேடியோ. "பரவால்ல, ரெண்டும் வீட்டை அரிக்கற வேலைதான்."

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. ஆள் குள்ளம். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணைச் சுருக்கி, தெளிவாக இருக்கிறதா என்று சோதிப்பதுபோல் பார்த்தாள். ஒவ்வொரு பூட்டாகத் திறந்து கதவை இழுத்தாள். அறை சிறியது, உள்பக்கம் திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்று கதவை நடைப் பக்கம் திறக்கும்படி வைத்திருந்தார்கள். கதவு சத்தமே இல்லாமல் வந்தது.

அண்ணி நின்றுவிட்டாள். "இன்னொரு தடவை மூடித் திறங்க."

மூடித் திறந்தாள்.

"இந்தக் கதவு எப்பவுமே இப்படிச் சாதுவா?"

"இல்லீங்க, முன்னாடி கத்தும். தெருமுனை வரைக்கும் கேக்கும். கொஞ்ச நாளா தானா சரியாயிடுச்சு."

"தானா," என்றாள் அண்ணி. 

உள்ளே ஒரு கட்டில், ஒரு பீரோ, மேஜை, தரை வரைக்கும் தொங்கும் கெட்டித் திரை போட்ட ஜன்னல், மூலையில் ஸ்டாண்டு வைத்த ஒரு நிலைக்கண்ணாடி. அவ்வளவுதான். ரேடியோ கட்டிலில் உட்காரப் போனான். அண்ணி பார்த்த பார்வையில் நிமிர்ந்துகொண்டான்.

"சந்தேகம் யார் மேல?" என்றாள் அண்ணி.

"சந்தேகமே இல்ல. என் தம்பி மேலதான். கதவுன்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னே தெரியாதவன்." அவள் திரையை ஒதுக்கி வெளியே பார்த்தபடி பேசினாள். "நான் தனியா இருக்கும்போது டான்ஸ் ஆடுவேன். முறையா எல்லாம் கத்துக்கலை. கடையில நாள் பூரா 'இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா'ன்னு கேட்டுட்டு வந்து, பாட்டைப் போட்டுக் கையைக் காலை உதறினாத்தான் மனுஷியா ஆவேன். அதை இவன் கதவிடுக்குல பார்த்திருக்கான். ஒரு நாள் சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. நடு ஹால்ல, அப்படியே என்னை மாதிரியே ஆடிக் காட்டினான்."

"சிரிச்சாங்களா?" என்றாள் அண்ணி.

"விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். மறுநாள் போய் முதல் பூட்டை வாங்கினேன்."

ரேடியோவின் நாக்கு நுனியில் ஒரு ஜோக் இருந்தது. அதை விழுங்கிவிட்டான்.

"இப்பவும் ஆடுவீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"எங்க ஆடறது? பூட்டுக்கு மேல பூட்டாப் போட்டும் யாரோ உள்ள வந்துட்டுப் போறாங்க. ரூமுக்குள்ள நுழைஞ்சாலே தெரியுது." அவள் குரல் இறங்கியது. "ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல தனி ரூம் பேசி வெச்சிருக்கேன். இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல போன் பண்ணுவாங்க. வரேனா இல்லையான்னு சொல்லணும். அவன்தான்னு நீங்க சொல்லிட்டா கிளம்பிடுவேன். அப்புறம் அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். அவன் இல்லன்னா..." நிறுத்தினாள். "எனக்குப் போகணும்னு ஆசையில்லீங்க."

அண்ணி மேஜையைச் சுற்றி வந்தாள். "பொறி ஏதாவது வெச்சுப் பார்த்தீங்களா?"

"வெச்சேனே! பீரோ கதவுல தலைமுடி ஒட்டி வெச்சேன். அறுபடவே இல்ல. தரை பூரா பவுடர் தூவிட்டுப் போனேன், கால் தடம் விழுமேன்னு."

"விழுந்துச்சா?"

"பவுடரையே காணோம். யாரோ துடைச்சுப் பளபளன்னு வெச்சிருந்தாங்க."

"இந்த ஆள் வாரத்துக்கு ஒரு நாள் எங்க வீட்டுக்கு வருவாரான்னு கேட்டுச் சொல்லுங்க," என்றான் ரேடியோ. "நாங்களும் பூட்டித்தான் வைப்போம்."

அண்ணி நிலைக்கண்ணாடி முன் அந்தப் பெண்ணை நிறுத்தினாள். "என்ன தெரியுது?"

"என் நெத்தி. அப்புறம் சீலிங் ஃபேன். இது திருகு லூசுங்க. தினமும் சாய்ஞ்சுக்கும், நான் வந்து நிமிர்த்தி வைப்பேன். நேத்து அலுத்துப்போய் அப்படியே விட்டுட்டேன்."

அண்ணி திருகைப் பிடித்து ஆட்டினாள். அது கல்லுமாதிரி இருந்தது. "ரேடியோ, நீ வந்து நில்லு."

ரேடியோ நெட்டை. வந்து நின்றான். கண்ணாடியில் அவன் முகம் அம்சமாக நடுவில் விழுந்தது. "அடடா! என்னை மாதிரி ஆளுக்காகவே வெச்ச மாதிரி இருக்கே!"

"அதேதான்," என்றாள் அண்ணி. "உங்க தம்பி நெட்டையா?"

"ஒட்டடைக் கம்பு."

அண்ணி இப்போது மேஜையிலிருந்த டிஷ்யூ பெட்டியைக் கையில் எடுத்தாள். மூக்குக்கண்ணாடி துடைக்க வைத்திருந்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தின் நுனி, இரண்டு பக்கமும் உள்ளே மடித்து, அழகான முக்கோணமாக இருந்தது.

"அது பெட்டியிலயே அப்படித்தானே வரும்?" என்றாள் அந்தப் பெண்.

அண்ணி முக்கோணத்தை உருவி எடுத்தாள். அடுத்த காகிதம் கசங்கலாக, சாதாரணமாக எழுந்து வந்தது.

"இதை நான் பார்த்திருக்கேன்," என்றான் ரேடியோ. "அண்ணனும் அண்ணியும் ஒரு தடவை பெரிய ஹோட்டல்ல தங்கினப்ப நானும் போயிருந்தேன். பாத்ரூம்ல காகிதச் சுருளுக்குக்கூட இப்படி மூக்கு மடிச்சு விட்டிருந்தாங்க. பிரிக்க மனசே வரல. ரொம்பக் கஷ்டப்பட்டுப் போனேன்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "அவன் ஹோட்டல்லதான் வேலை பார்க்கறான். ரூம் சுத்தம் பண்ற வேலை."

"வேலைப் பழக்கம். பவுடரைப் பார்த்தா துடைக்காம இருக்க முடியல. காகிதத்தைப் பார்த்தா மடிக்காம இருக்க முடியல. அவனுக்கே தெரியாம கை அதைச் செய்யுது," என்றாள் அண்ணி.

அவள் போனை எடுத்துவிட்டாள். "போதும். ஹாஸ்டலுக்குச் சொல்லிடறேன். பீரோவைத் தொடல, கண்ணாடி முன்னாடி மட்டும் நின்னிருக்கான் பாருங்க, எதுக்குன்னு நெனைக்கறீங்க? ஆடிப் பார்க்கறான்! அடுத்த தடவை சொந்தக்காரங்க வரும்போது காட்டறதுக்கு ஒத்திகை!"

"இருக்கலாம்," என்றாள் அண்ணி. "ஆனா போன் அவங்கதானே பண்றேன்னாங்க? அது வரைக்கும் பொறுங்க. ஒத்திகைன்னா நேர்லயே பார்த்துடலாம். அவன் எப்ப வருவான்?"

"ஷிப்ட் முடிஞ்சு மத்தியானம். ஆனா பூட்டைத் திறக்காம எப்படி உள்ள வரான்?"

அண்ணி நடைக்கு வந்து, கதவின் பூட்டில்லாத ஓரத்தில் ரேடியோவின் விரலைப் பிடித்துக் கீல் மேல் தேய்த்தாள். விரலில் எண்ணெய்.

"மூணு பூட்டும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கதவு எதுல நிக்குது?"

"கீல்ல. கீலுக்குள்ள ஒரு கம்பி இருக்கும்..." ரேடியோ வாயைப் பிளந்தான். "கம்பியை மேல உருவிட்டா கதவு இந்தப் பக்கமா வந்துடும்! அம்மாடி, கோட்டைக்கு முன்னாடி மூணு பீரங்கி, பின்னாடி தட்டிகூட இல்ல!"

திட்டம் எளிமையானது. அந்தப் பெண் அம்மாவிடம் "கடைக்குக் கிளம்பறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவளும் அண்ணியும் உள்ளே திரைக்குப் பின்னால். ரேடியோ வெளியே மூன்று பூட்டையும் பூட்டிச் சாவிக் கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். தம்பியின் அறைதான் எதிரில். அதில் ஒளிந்துகொள்ள வேண்டியது.

அந்த அறைக்குள் நுழைந்ததும் ரேடியோவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இது அறையா, கிடங்கா?

கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. இருந்தாலும் மூட முடியாது. துணி தேய்க்கும் மேஜை பாதி வாசலை மறித்து நின்றது. சுவரோரம் குடும்பத்தின் பெட்டிகள் கூரை வரைக்கும். ஓடாத ஒரு மின்விசிறி. கயிற்றில் வரிசையாகக் கம்பளிப் போர்வைகள். கட்டிலில் பாதி, துவைத்த துணி மலை. மீதிப் பாதியில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம், மூச்சை இழுத்துப் பிடித்தால்.

அவன் போர்வைகளுக்குப் பின்னால் போவதற்குள் அம்மா உள்ளே வந்துவிட்டாள்.

"கரையான் இருக்காப்பா?"

"செழிப்பா இருக்குங்க."

"அந்தம்மா எங்க?"

"மருந்து கலக்கறாங்க. கிட்டப் போகாதீங்க, மயக்கம் வரும்."

அம்மா ஒரு போர்வையை உருவிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் கத்தரிக்கோல் தேடி வந்தாள். அவள் போனதும் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒரு ஏணியோடு வந்து, அதைப் பெட்டிகள் மேல் சாய்த்துவிட்டு, ரேடியோவைப் பார்த்து, "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுபடி அம்மா.

"இது யார் ரூமுங்க?" என்றான் ரேடியோ.

"என் பையனோடதுதான். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆம்பளப் பையனுக்குத் தனி ரூம் எதுக்கு? பொண்ணும் தினம் காலைல இங்க வந்துதான் துணி தேய்ச்சுட்டுப் போவா. பாவம், தூங்கறவனை எழுப்பக்கூட மாட்டா, லைட்டை மட்டும் போட்டுக்குவா."

ரேடியோ எதிர்க் கதவில் தொங்கிய மூன்று பூட்டுகளையும் பார்த்தான்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. அவன் போர்வைக்குள் நுழைந்தான். தம்பி வந்தான். உண்மையிலேயே ஒட்டடைக் கம்புதான், ஹோட்டல் சீருடை போட்டது. சட்டையைக் கழற்றினான். உடனே அம்மாவின் தலை உள்ளே வந்தது.

"அம்மா! சட்டை மாத்தறேன்மா!"

"நான் பெத்தவடா. எனக்குத் தெரியாம புதுசா என்ன வெச்சிருக்க? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன்."

தலை மறைந்தது. ஹாலில் டிவி சத்தம் ஏறியது. தம்பி ஒரு பழைய ஷூவுக்குள் கையை விட்டான். ஒரு ஸ்க்ரூ டிரைவர் வந்தது. இன்னொரு ஷூவுக்குள்ளிருந்து சின்ன எண்ணெய் டப்பா வந்தது. நடையைக் கடந்தான். டொக், டொக், டொக். மூன்று கம்பிகள் உருவி வந்தன. பூட்டுகள் மூன்றும் கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருக்க, கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்தது. தம்பி ஒருக்களித்து உள்ளே போனான். ஒருக்களித்துப் படுத்துப் பழகியவன்.

ரேடியோ பூனைமாதிரி வந்து இடுக்கில் கண்ணை வைத்தான்.

தம்பி பீரோ பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைச் சாய்த்தான். டிஷ்யூ ஒன்றை எடுத்து நெற்றியைத் துடைத்தான். எங்கோ பார்த்துக்கொண்டே அடுத்த காகிதத்தின் நுனியை முக்கோணமாக மடித்தான். திரை லேசாக அசைந்தது. அக்காள் பாயத் துடிக்கிறாள், அண்ணி பிடித்துவைத்திருக்கிறாள் என்று ரேடியோவுக்குப் புரிந்தது.

தம்பி ஆடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினான்.

"காலை வணக்கம். நான்... நான் உங்க... நான்தான் உங்க புது சூப்பர்வைசர்." நிறுத்தினான். தலையில் அடித்துக்கொண்டான். மறுபடி ஆரம்பித்தான். "காலை வணக்கம். நான்தான் உங்க புது சூப்பர்வைசர். நம்ம வேலைல முதல் விதி என்ன? யார் ரூமா இருந்தாலும் கதவைத் தட்டணும். தட்டிட்டு நிக்கணும். உள்ளேர்ந்து பதில் வந்தாத்தான் உள்ள போகணும். தட்டாம எந்த ரூமுக்குள்ளயும்..."

திரை வெடித்தது.

"யாரு எதைச் சொல்றது பாரு!" அக்காள் வெளியே வந்துவிட்டாள். கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்து மூச்சு முட்டியது. தம்பி கண்ணாடி ஸ்டாண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பின்னால் இடுக்கு வழியாக ரேடியோ நுழைவதைப் பார்த்ததும் இன்னும் வெளுத்தான்.

"அக்கா, சத்தியமா உன் பொருள் எதையும் தொடல. நாளைக்கு சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. எல்லார் முன்னாடியும் நின்னு பேசிக் காட்டணும். எனக்கு நாலு பேர் முன்னாடி வாயே வராது."

"உனக்கா வராது? நடு ஹால்ல அந்த ஆட்டம் ஆடினியே!"

"அது உன்னை மாதிரி ஆடினேன். நான் நானா நின்னா வர மாட்டேங்குது."

அக்காள் சாய்ந்திருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, "அதை உன் ரூம்ல நின்னு பேச வேண்டியதுதானே?" என்றாள்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பதில் ரேடியோவிடமிருந்து வந்தது.

"எது, அந்த பஸ் ஸ்டாண்டுலயா? ஏங்க, நான் ஒளிஞ்சிருந்த நேரத்துக்குள்ள உங்க அம்மா எத்தனை தடவை வந்தாங்கன்னு எண்ணிக்கை விட்டுப்போச்சு. பக்கத்து வீட்டம்மா ஏணியோட வந்து என்னைக் குசலம் விசாரிச்சாங்க. காலைல நீங்க வேற லைட்டைப் போட்டுட்டு நிப்பீங்களாம். இந்த வீட்லயே யாரும் நுழைய முடியாத ஒரே இடம், மூணு பூட்டு போட்ட உங்க ரூம்தான். தனியா இருக்கணும்னா இவன் வேற எங்க வருவான்?"

"நான் ஒண்ணும் அவன் ரூமுக்கு வேவு பார்க்கப் போகல. துணி தேய்க்கத்தான்..."

"தட்டினீங்களா?" என்றாள் அண்ணி.

அக்காள் ஒரு கண்ணைச் சுருக்கித் தம்பியைப் பார்த்தாள். இந்த முறை கொஞ்சம் நேரம் எடுத்துப் பார்த்தாள்.

"யாராவது பார்த்தா என்னடா?" என்றாள் கடைசியில்.

"நடிச்சுக் காட்டுவாங்க."

"யாரு?"

அவன் கண்ணாடியைப் பார்த்தான். "என்னை மாதிரி எவனாவது." பிறகு, "அன்னிக்கி நீயும் சிரிச்சியா, அதனால ஒண்ணுமில்லன்னு நெனச்சுட்டேன். பூட்டு வந்தப்பதான் தெரிஞ்சுது. ஸாரி கேக்கலாம்னா, நீ எங்க கதவைத் திறந்த?"

அக்காளின் போன் அடித்தது. ஹாஸ்டல். நாலு பேரும் அதையே பார்த்தார்கள்.

"அவன்தான்னு நான் சொல்லிட்டா கிளம்பிடுவேன்னீங்க," என்றாள் அண்ணி. "சொல்றேன். அவன்தான். அவன் ரூமுக்குள்ள தட்டாம போறது யாருன்னும் கண்டுபிடிச்சாச்சு. அது நீங்கதான். இனி உங்க இஷ்டம்."

அக்காள் போனைக் காதில் வைத்தாள். "ஆமாங்க, நான்தான். இல்லீங்க... வரல. வேற யாருக்காவது குடுத்துடுங்க." வைத்துவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினாள். "காலை வணக்கம். நான்... நான் உங்க... நான்தான் உங்க..."

"அக்கா! வேணாம்க்கா!"

"இனிமே ஹால்ல நீ ஒரு ஆட்டம் ஆடினா, நான் ஒரு பேச்சு பேசுவேன். ஞாபகம் வெச்சுக்கோ. இப்ப முதல்லேர்ந்து சொல்லு. கையை முன்னாடி வை, திருடன் மாதிரி பின்னாடி கட்டாத."

"உள்ள யாரு? கரையானா?" நடையிலிருந்து அம்மாவின் குரல். அவளும் தட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். கம்பியில்லாத கதவு வேறு பக்கமாகத் திறந்து, மூன்று பூட்டுகளில் தொங்கியபடி அவள் மேல் சாய்ந்தது.

"ஐயய்யோ! கதவையே தின்னுடுச்சே!"

"நான்தான் செழிப்பா இருக்குன்னு சொன்னேனேம்மா," என்றான் ரேடியோ.

கிளம்புவதற்குள், அதே ஸ்க்ரூ டிரைவரால் கீழ்ப்பூட்டைக் கொண்டியோடு கழற்றித் தம்பியின் கதவில் உள்பக்கம் மாட்டினார்கள். துணி தேய்க்கும் மேஜை ஹாலுக்குப் போனது. அம்மா முணுமுணுத்தாள், ஆனால் ஒரு முனையைப் பிடித்தாள். அக்காள் ரேடியோவிடமிருந்து கயிற்றை வாங்கி, கீழ்ப்பூட்டின் சாவியை உருவித் தம்பியிடம் கொடுத்தாள். தம்பி பையைத் துழாவி அண்ணியின் கையில் நன்றியாக எதையோ திணித்தான். என்னவென்று ரேடியோ கேட்டான். அண்ணி சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ரேடியோ வழக்கம்போல் சார்ஜர் தேடிக் கிளம்பினான். அண்ணியின் அறைக் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கியது. ஹோட்டல் அட்டை. 'தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள்.'

கைப்பிடி வரைக்கும் போன கை நின்றது. ரேடியோ இரண்டு பக்கமும் பார்த்தான். அண்ணன் பேப்பருக்கு மேலாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் அந்தக் கதவைத் தட்டினான். தட்டிவிட்டு நின்றான்.

"யாரு?"

"ரேடியோ."



"ஆஃப்ல இருந்தா உள்ள வரலாம்."